பிரிட்ஜ் சீட்டாட்டம்: பொருத்தம் கண்ட பின் போட்டி ஏலத்துக்கான உடன்பாடுகள்

பிரிட்ஜ் நான்கு பேர் இரண்டு அணிகளாக ஆடும் சீட்டாட்டம். வடக்கும் தெற்கும் ஓர் அணி. கிழக்கும் மேற்கும் மற்றோர் அணி. 52 சீட்டுகளும் ஆளுக்கு 13 வீதம் பகிரப்படும். ஆட்டம் இரண்டு பகுதிகளாக நடக்கும். முதற்பகுதி ஏலம், அடுத்தது சீட்டுகளை இறக்கி ஆடுவது. இன்று நாம் ஆடும் காண்ட்ராக்ட் பிரிட்ஜின் மதிப்பெண் முறையை 1925-இல் அமெரிக்காவின் ஹெரால்ட் வாண்டர்பில்ட் வகுத்தார். 2018-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் பிரிட்ஜ் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. அதில் ஆடவர் இணைப் பிரிவின் தங்கப் பதக்கத்தை இந்தியாவின் பிரணாப் பர்தனும் சிப்நாத் சர்க்காரும் வென்றனர்.

இந்தக் கட்டுரை ஏலத்தின் ஒரு குறிப்பிட்ட கட்டத்தை மட்டும் விளக்குகிறது. நம் இணையும் நாமும் ஒரே இனத்தை விரும்புகிறோம் என்று தெரிந்துவிட்டது. ஆனால் எதிரணியும் சும்மா இல்லை. அவர்களும் ஏலத்தில் புகுந்துவிட்டார்கள். இப்போது எவ்வளவு தூரம் ஏறலாம், எங்கே நிறுத்த வேண்டும், எப்போது எதிரணியைத் தண்டிக்க வேண்டும்? இதை இருவரும் முன்கூட்டியே பேசி வைத்திருக்காவிட்டால், நல்ல சீட்டு கையில் இருந்தும் ஆட்டம் கைநழுவிப் போகும்.

அடிப்படைச் சொற்கள்

நான்கு இனங்களையும் இக்கட்டுரையில் ஸ்பேட், ஆட்டின், டைமண்ட், கிளாவர் என்று நம் வழக்கப்படியே குறிப்பிடுகிறோம். ஏலத்தில் ஸ்பேட் உயர்ந்தது. அதற்குக் கீழே ஆட்டின், டைமண்ட், கிளாவர் என்று வரிசை இறங்கும். துருப்பே இல்லாத ஆட்டமான நோ டிரம்ப், ஸ்பேடையும் விட உயர்ந்தது.

நால்வரும் ஆளுக்கொரு சீட்டு இறக்கினால் அது ஒரு சுற்று. அந்தச் சுற்றை வென்றவர் எடுப்பது ஒரு பிடி. மொத்தம் 13 பிடிகள். ஏலத்தில் சொல்லும் எண்ணுடன் 6-ஐக் கூட்டினால் எடுக்க வேண்டிய பிடிகள் கிடைக்கும். ‘2 ஸ்பேட்’ என்றால் ஸ்பேடைத் துருப்பாக வைத்து 8 பிடி எடுப்போம் என்று பொருள். ‘4 ஸ்பேட்’ என்றால் 10 பிடி. ஸ்பேடிலும் ஆட்டினிலும் நான்காம் படியை எட்டினால் அது ‘கேம்’. அதற்குப் பெரிய ஊக்க மதிப்பெண் உண்டு.

கையின் வலிமையை ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1 என்று புள்ளியிட்டு அளப்பார்கள். சீட்டுக் கட்டில் உள்ள மொத்தப் புள்ளிகள் 40. ஓர் அணியிடம் ஏறத்தாழ 25 புள்ளி சேர்ந்தால் கேம் எட்டும் என்பது பொதுக் கணக்கு.

ஓர் இனத்தில் இருவரிடமும் சேர்த்து எட்டு அல்லது அதற்கு மேல் சீட்டுகள் இருந்தால் அதைப் ‘பொருத்தம்’ என்கிறோம். எட்டு இருந்தால் எதிரணியிடம் ஐந்துதான் இருக்கும். துருப்பாக வைப்பதற்கு அது போதுமான பலம்.

போட்டி வந்தால் கணக்கு ஏன் மாறுகிறது?

எதிரணி பேசாமல் இருந்தால் ஏலம் ஓர் உரையாடல் போல நிதானமாக நடக்கும். படிப்படியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள இடமிருக்கும். எதிரணி நடுவில் ஒரு கேள்வி கேட்டுவிட்டால் அந்த இடம் சுருங்கிவிடுகிறது. அத்துடன் புதிய கேள்வி ஒன்றும் பிறக்கிறது. நாம் ஆடினால் என்ன கிடைக்கும் என்பதோடு, அவர்களை ஆடவிட்டால் என்ன ஆகும் என்பதையும் எடைபோட வேண்டியிருக்கிறது.

ஆட்டின் துருப்பில் எதிரணி 9 பிடி எடுக்கக்கூடிய ஆட்டம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அவர்களை 3 ஆட்டினில் விட்டால் அவர்களுக்கு 140 மதிப்பெண். நாம் 3 ஸ்பேட் கேட்டு ஒரு பிடி குறைந்து தோற்றால், சாதாரண நிலையில் நம் இழப்பு 50 மட்டுமே. தோற்றும் 90 மதிப்பெண் மிச்சம். போட்டி ஏலத்தின் சூட்சுமம் இதுதான்: சில வேளைகளில் சிறிய தோல்வியே நல்ல முடிவு. ஆனால் எந்த வேளையில் என்பது தெரிய வேண்டும். அதற்கு ஓர் அளவுகோல் தேவை.

மொத்தப் பிடிகளின் விதி

அந்த அளவுகோலைத் தந்தவர் பிரான்சு நாட்டின் ஜான் ரெனே வெர்ன். 1966-இல் பிரெஞ்சில் எழுதிய நூலிலும், 1969-இல் ‘தி பிரிட்ஜ் வேர்ல்ட்’ இதழில் வந்த கட்டுரையிலும் அவர் இதை விளக்கினார். பின்னர் அமெரிக்காவின் லாரி கோஹன் 1992-இல் வெளியிட்ட நூலின் வழியே இது உலகெங்கும் பரவியது.

விதி இதுதான்: நம் அணி தன் சிறந்த இனத்தைத் துருப்பாக வைத்து எடுக்கும் பிடிகளையும், எதிரணி தன் சிறந்த இனத்தைத் துருப்பாக வைத்து எடுக்கும் பிடிகளையும் கூட்டினால், அந்தத் தொகை இரு அணிகளின் துருப்புச் சீட்டுகளின் கூட்டுத்தொகைக்கு ஏறத்தாழச் சமமாக இருக்கும். நம்மிடம் 9 ஸ்பேட், அவர்களிடம் 8 ஆட்டின் என்றால் மொத்தப் பிடிகள் சுமார் 17.

கேட்டவுடன் இது வியப்பாக இருக்கும். ஒருவர் கையில் ராஜா எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தே பிடிகள் மாறுமே, அதை எப்படிச் சீட்டின் எண்ணிக்கை சொல்லும் என்று மாணவர்கள் கேட்கலாம். விடை எளியது. வடக்கிடம் டைமண்ட் ஏஸும் ராணியும் இருக்கின்றன என்று கொள்வோம். தெற்கு டைமண்டை இறக்கினால் மேற்கு வடக்குக்கு முன்பே ஆட வேண்டும். ராஜா மேற்கிடம் இருந்தால் அது சிக்கிக்கொள்ளும். நமக்கு ஒரு பிடி கூடும், எதிரணிக்கு ஒன்று குறையும். அதே ராஜா கிழக்கிடம் இருந்தால் அது தப்பிக்கும். நமக்கு ஒன்று குறையும், அவர்களுக்கு ஒன்று கூடும். ஒருவர் இழப்பது மற்றவருக்கு வரவாகிறது. அதனால் மொத்தத் தொகை அசைவதில்லை.

இனி 17 என்ற கணக்கை வைத்து ஒரு முடிவை ஆராய்வோம். எதிரணி 3 ஆட்டின் கேட்டிருக்கிறது. நாம் 3 ஸ்பேட் கேட்கலாமா, பாஸ் சொல்லலாமா? யாருக்கும் டபுள் இல்லை, இரு அணிகளும் சாதாரண நிலையில் உள்ளன என்று வைத்துக்கொண்டால் கணக்கு இப்படி வரும்:

• நமக்கு 10 பிடி, அவர்களுக்கு 7: கேட்டால் நமக்கு 170, விட்டால் நமக்கு 100.
• நமக்கு 9 பிடி, அவர்களுக்கு 8: கேட்டால் நமக்கு 140; விட்டால் நமக்கு 50.
• நமக்கு 8 பிடி, அவர்களுக்கு 9: கேட்டால் 50 இழப்பு, விட்டால் 140 இழப்பு.
• நமக்கு 7 பிடி, அவர்களுக்கு 10: கேட்டால் 100 இழப்பு, விட்டால் 170 இழப்பு.

நான்கு நிலைகளிலும் கேட்பதே மேல். ராஜா எங்கே இருக்கிறது என்று தெரியாமலேயே சரியான முடிவுக்கு வந்துவிட்டோம்.

இப்போது நம்மிடம் 8 ஸ்பேட்தான் என்று மாற்றிப் பாருங்கள். மொத்தம் 16. ஆளுக்கு 8 பிடி என்பது அங்கே மிக இயல்பான பங்கீடு. 3 ஸ்பேட் கேட்டால் 50 இழப்பு. பாஸ் சொல்லியிருந்தால் எதிரணி ஒரு பிடி குறைந்து நமக்கு 50 கிடைத்திருக்கும். ஒரே ஒரு துருப்புச் சீட்டு குறைந்ததும் சரியான விடை தலைகீழாகிவிட்டது.

இதிலிருந்து பிறந்ததுதான் ஆட்டக்காரர்கள் மனப்பாடம் செய்து வைத்திருக்கும் வாய்ப்பாடு: கை வலிமை குறைவாக இருக்கும்போது, சேர்ந்துள்ள துருப்புகளின் எண்ணிக்கை அளவுக்குப் பிடிகளைக் கேட்கலாம். 8 துருப்புக்கு இரண்டாம் படி, 9-க்கு மூன்றாம் படி, 10-க்கு நான்காம் படி. கீழே வரும் உடன்பாடுகள் பலவற்றின் நோக்கம், துருப்பு எத்தனை என்பதை இணைக்கு விரைவாகத் தெரிவிப்பதே.

பொருத்தத்தைத் தெரிவிக்கும் வழிகள்

வடக்கு 1 ஸ்பேட் என்று தொடங்குகிறார். இன்றைய பெரும்பாலான முறைகளில் இதற்கு ஐந்து ஸ்பேடாவது இருக்கிறது, 12 புள்ளியளவு வலிமை உண்டு என்று பொருள். கிழக்கு 2 ஆட்டின் கேட்கிறார். தெற்கு நாம். நம் கையைப் பார்த்து நாம் சொல்லக்கூடியவை பல.

முதலாவது, எளிய ஆதரவு: 2 ஸ்பேட். மூன்று துருப்பும் 6 முதல் 9 புள்ளியும் இருந்தால் இது போதும். எடுத்துக்காட்டு: ஸ்பேட் ராஜா, 8, 5, ஆட்டின் 7, 4, டைமண்ட் ஏஸ், 9, 6, 3, கிளாவர் 10, 8, 5, 2. ஐந்தும் மூன்றும் எட்டு, இரண்டாம் படி.

இரண்டாவது, தடுப்புத் தாவல்: 3 ஸ்பேட். நான்கு துருப்பு உண்டு, வலிமை இல்லை. எடுத்துக்காட்டு: ஸ்பேட் ராணி, 9, 7, 4, ஆட்டின் 6, டைமண்ட் 10, 8, 5, 3, கிளாவர் ஜாக்கி, 9, 6, 2. மூன்றே புள்ளி. ஆனாலும் ஐந்தும் நான்கும் ஒன்பது. ஒரே தாவலில் மூன்றாம் படிக்குப் போய்விட்டால், மேற்கு தன் கையை விளக்க இடமின்றித் திணறுவார்.

மூன்றாவது, நேராகக் கேம்: 4 ஸ்பேட். ஐந்து துருப்பு, ஓர் இனத்தில் ஒற்றைச் சீட்டு, குறைந்த புள்ளி. எடுத்துக்காட்டு: ஸ்பேட் ராஜா, 10, 8, 5, 3, ஆட்டின் 4, டைமண்ட் 9, 7, 2, கிளாவர் ராணி, 10, 6, 4. ஐந்தும் ஐந்தும் பத்து, நான்காம் படி. இது வெல்லவும் கூடும். தோற்றாலும் எதிரணியின் கேமை விட மலிவாக முடியக்கூடும்.

நான்காவது, வலிய ஆதரவு: 3 ஆட்டின். எதிரணி கேட்ட இனத்தையே நாமும் கேட்பதை ‘கியூ பிட்’ என்பார்கள். நாம் ஆட்டினில் ஆட விரும்புகிறோம் என்று இதற்குப் பொருள் அல்ல. ‘உங்கள் ஸ்பேட் எனக்குப் பொருத்தம், 10 புள்ளியோ அதற்கு மேலோ இருக்கிறது’ என்பதே செய்தி. எடுத்துக்காட்டு: ஸ்பேட் ஏஸ், ஜாக்கி, 7, ஆட்டின் 8, 3, டைமண்ட் ராஜா, ஜாக்கி, 6, 4, கிளாவர் ராணி, 9, 5, 2. மொத்தம் 11 புள்ளி. தொடங்கியவரிடம் குறைந்தபட்ச வலிமைதான் என்றால் 3 ஸ்பேட் சொல்லி நிறுத்துவார். கூடுதல் இருந்தால் 4 ஸ்பேட் போவார்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எதிரணி பேசாத ஏலத்தில் 3 ஸ்பேட் என்ற தாவலைப் பலர் 10 முதல் 12 புள்ளிக்கு வைத்திருக்கிறார்கள். எதிரணி புகுந்தபின் அதே சொல் வலிமையற்ற கையைக் குறிக்கிறது. கியூ பிட் என்ற புதிய வழி கிடைத்துவிட்டதால் வலிய கைகளை அங்கே அனுப்பிவிடுகிறோம். ‘தாவினால் மெலிவு, கியூ பிட் கேட்டால் வலிவு’ என்று நினைவில் வைக்கலாம். இணையர் இருவரில் ஒருவர் பழைய பொருளையும் மற்றவர் புதிய பொருளையும் மனத்தில் வைத்திருந்தால் என்ன ஆகும்? மூன்று புள்ளிக் கைக்கு 15 புள்ளிக்காரர் 4 ஸ்பேட் என்று ஏறுவார். எதிரணி டபுள் சொல்லும். இரண்டு பிடி குறைந்தால் சாதாரண நிலையிலேயே 300 இழப்பு.

எதிரணி டபுள் சொன்னால்

வடக்கின் 1 ஸ்பேடுக்குப் பின் கிழக்கு ஓர் இனத்தைக் கேட்காமல் டபுள் சொல்லலாம். மற்ற இனங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்படி தன் இணையை அழைக்கும் டபுள் இது. இப்போது எதிரணிக்கு இனம் எதுவும் இல்லாததால் கியூ பிட் கேட்க வழியில்லை.

அந்தக் குறையை நீக்குவது 2 நோ டிரம்ப். இதை ஆலன் டிரஸ்காட்டின் பெயராலும் ராபர்ட் ஜோர்டனின் பெயராலும் அழைக்கிறார்கள். நான்கு துருப்பும் 10 புள்ளிக்கு மேலும் இருக்கிறது என்பது பொருள். துருப்பில்லாமல் ஆட விரும்பும் வலிய சமநிலைக் கை ரீடபுள் சொல்லித் தொடங்கலாம் என்பதால், 2 நோ டிரம்பை இந்த வேலைக்கு ஒதுக்குவதில் இழப்பு அதிகமில்லை. 3 ஸ்பேட் முன்போலவே தடுப்புத் தாவல்.

மூன்றா நான்கா என்று சொல்லும் டபுள்

சில நேரங்களில் பொருத்தம் இருக்கிறதா என்பதே ஐயமாக இருக்கும். வடக்கு 1 கிளாவர், தெற்கு 1 ஸ்பேட், மேற்கு 2 டைமண்ட். தெற்கிடம் ஸ்பேட் நான்குதானா, ஐந்தா என்று வடக்குக்குத் தெரியாது. இங்கே வடக்கு டபுள் சொன்னால் ‘என்னிடம் சரியாக மூன்று ஸ்பேட்’ என்று பொருள். 2 ஸ்பேட் சொன்னால் நான்கு. இதற்கு ‘சப்போர்ட் டபுள்’ என்று பெயர். அமெரிக்க ஆட்டக்காரர் எரிக் ராட்வெல் இதை உருவாக்கினார். துருப்பை எண்ணியே படியைத் தீர்மானிக்கிறோம் என்பதால் மூன்றுக்கும் நான்குக்கும் உள்ள வேறுபாடு இங்கே உயிர்நாடி.

இடமில்லாதபோது கேமுக்கு அழைப்பது

வடக்கு 1 ஸ்பேட், தெற்கு 2 ஸ்பேட் என்று பொருத்தம் தெரிந்தபின் மேற்கு 3 ஆட்டின் கேட்கிறார். வடக்கிடம் ஆறாவது ஸ்பேட் இருந்தால் கூட்டுத்தொகை ஒன்பதாகிவிடும். போட்டிக்காக 3 ஸ்பேட் கேட்கலாம். ஆனால் ‘உங்கள் கை 9 புள்ளிப் பக்கம் இருந்தால் கேம் போகலாம்’ என்று அழைக்க விரும்பினால்? 3 ஆட்டினுக்கும் 3 ஸ்பேடுக்கும் நடுவில் வேறு கேள்வி இல்லை.

இந்த இடத்தில் டபுளை அழைப்பாக வைத்துக்கொள்வது ‘மாக்சிமல் டபுள்’. அப்போது 3 ஸ்பேட் வெறும் போட்டிக் கேள்வி. தெற்கு அதற்கு மேல் ஏறக்கூடாது. எதிரணி 3 டைமண்ட் கேட்டிருந்தால் நடுவில் 3 ஆட்டின் என்ற இடம் மிஞ்சுகிறது. அதையே அழைப்பாக்கலாம், டபுள் தண்டனைக்கே இருக்கட்டும். இந்த உடன்பாட்டுக்கு விலையும் உண்டு. 3 ஆட்டினைத் தண்டிக்கும் டபுளை நாம் இழக்கிறோம். ஆனால் நமக்கும் அவர்களுக்கும் பொருத்தம் உள்ள ஆட்டத்தில் அத்தகைய வாய்ப்பு அரிது.

பேசாமல் பேசும் பாஸ்

ஏலம் ஐந்தாம் படிக்குப் போகும்போது முடிவு கடினமாகிறது. நம் அணி வலிமையோடு 4 ஸ்பேடுக்கு வந்திருக்கிறது. எதிரணி 5 ஆட்டின் என்று தியாகம் செய்கிறது. நம் அணி ஏற்கெனவே ஒரு கேம் வென்ற ‘வல்னரபிள்’ நிலையில் இருந்தால் 4 ஸ்பேட் நமக்கு 620. இணைப் போட்டிகளில் இந்த நிலை ஆட்டத்துக்கு ஆட்டம் முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்கும். எதிரணி சாதாரண நிலையில் டபுளுடன் மூன்று பிடி குறைந்தாலும் அவர்கள் தருவது 500 தான். தியாகம் பலித்துவிட்டது. நான்கு பிடி குறைந்தால் 800, தியாகம் வீண்.

இங்கே நம்மில் ஒருவர் பாஸ் சொன்னால், ‘என்னால் தீர்மானிக்க முடியவில்லை, நீங்கள் டபுள் சொல்லுங்கள் அல்லது 5 ஸ்பேட் போங்கள்’ என்று பொருள் கொள்ளலாம். இது ‘கட்டாயப் பாஸ்’. இணை அதற்கு மேல் பாஸ் சொல்லக்கூடாது. முதலாமவரே டபுள் சொன்னால், ‘மேலே போக என் கை சரியில்லை’ என்ற எச்சரிக்கை.

இதில் நிபந்தனை தெளிவாக இருக்க வேண்டும். கியூ பிட் வழியாக வலிமையைக் காட்டிக் கேமுக்கு வந்திருந்தால் பாஸ் கட்டாயப் பாஸ். தெற்கு நேராக 4 ஸ்பேடுக்குத் தாவியிருந்தால் அது மெலிந்த கை; அங்கே பாஸ் வெறும் பாஸ்தான். இந்த ஒரு வேறுபாட்டைப் பேசி வைக்காத இணை, எதிரணியின் 5 ஆட்டினை டபுள் இன்றி விட்டுவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள நேரும்.

விதியை எங்கே நம்பக்கூடாது?

மொத்தப் பிடிகளின் விதி ஒரு தோராயம். 2004-இல் மைக் லாரன்ஸும் ஆன்டர்ஸ் வீர்கிரனும் எழுதிய நூல் இதைக் கடுமையாக மறுத்தது. துருப்பின் எண்ணிக்கையை விட, குறைந்த சீட்டுள்ள இனங்களும் பயன்படும் புள்ளிகளுமே பிடிகளைத் தீர்மானிக்கின்றன என்பது அவர்கள் வாதம். இரு தரப்பையும் கேட்ட ஆட்டக்காரர் விதியைத் தொடக்கமாக வைத்துக்கொண்டு கையைப் பார்த்துத் திருத்துவார்.

எதிரணியின் இனத்தில் ராணியும் ஜாக்கியும் நம்மிடம் இருந்தால் மொத்தம் குறையும். அவை அவர்களைத் தடுக்கும். நாம் ஆடும்போது பயன்படா. நம் புள்ளிகள் நம் இனங்களிலேயே குவிந்திருந்தாலோ, இரண்டாவது இனத்திலும் பொருத்தம் இருந்தாலோ மொத்தம் கூடும். இரு கைகளிலும் எல்லா இனங்களும் சமமாகப் பரவியிருந்தால் ஒரு படி தாழ்வாகவே கணக்கிடுவது நலம். வல்னரபிள் நிலையில் டபுளுடன் இரண்டு பிடி குறைந்தால் 500 போகும். அந்த நிலையில் தடுப்புத் தாவலுக்கு இன்னும் நல்ல கை தேவை.

உடன்பாடு ரகசியம் அல்ல

இணையர் இருவரும் பேசி வைத்த எதையும் எதிரணியிடமிருந்து மறைக்கக்கூடாது. உலக பிரிட்ஜ் கூட்டமைப்பு வெளியிடும் விதிநூலின் 40-ஆம் விதி இதைப் பற்றியது. உடன்பாடுகளை அட்டையில் எழுதி மேசையில் வைப்பதும், கேட்டால் விளக்குவதும் கடமை. நம் கையில் என்ன சீட்டு என்று சொல்ல வேண்டியதில்லை. நம் கேள்விக்கு என்ன பொருள் என்று சொல்லியாக வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. போட்டி ஏலத்தில் முடிவெடுக்க நேரமாகும். ஒருவர் நீண்ட நேரம் யோசித்துப் பாஸ் சொன்னால் அவருக்கு ஏதோ இருக்கிறது என்று இணை ஊகிக்க முடியும். அந்த ஊகத்தைப் பயன்படுத்துவதை 16-ஆம் விதி தடுக்கிறது. உடன்பாடு தெளிவாக இருந்தால் தயக்கமும் குறையும், சந்தேகமும் குறையும்.

மேசைக்கு முன் பேச வேண்டியவை

புதிதாகச் சேரும் இணையர் எல்லா உடன்பாடுகளையும் ஒரே நாளில் ஏற்க வேண்டியதில்லை. கீழ்க்காணும் ஐந்துக்கு விடை இருந்தால் பெரும்பாலான ஆட்டங்களைச் சமாளிக்கலாம்.

1. எதிரணி புகுந்தபின் நம் தாவல் ஆதரவு மெலிந்ததா, வலியதா?
2. கியூ பிட் எத்தனை புள்ளியில் தொடங்குகிறது? மூன்று துருப்பு போதுமா?
3. எதிரணி டபுள் சொன்னால் 2 நோ டிரம்ப் என்ன பொருள்?
4. மூன்றாம் படியில் நம் டபுள் அழைப்பா, தண்டனையா?
5. எந்த ஏலங்களுக்குப் பின் நம் பாஸ் கட்டாயப் பாஸ்?

விடைகள் இணைக்கு இணை வேறுபடலாம், அதில் தவறில்லை. சுமாரான உடன்பாடு ஒன்றை இருவரும் ஒரே மாதிரி புரிந்துகொண்டிருப்பது, மிகச் சிறந்த உடன்பாட்டை ஒருவர் மட்டும் அறிந்திருப்பதை விட மேல். தொடங்குபவர்கள் முதல் இரண்டையும் முடிவு செய்து, பத்துப் பதினைந்து ஆட்டங்கள் பழகியபின் மற்றவற்றைச் சேர்த்துக்கொள்வது நல்லது.